குமுதாவின் மூக்கும் கமுந்திங் பெட்டியும்

மலேசியாவின் தைப்பிங்கில் ஒரு தாமான் குடியிருப்பின் மூன்றாவது வரிசையில் குடியிருக்கும் குமுதாவுக்குத் தன் மூக்கைப் பற்றி ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அக்கம்பக்கத்தாருக்கும் வந்ததில்லை. எதிர்வீட்டில் பால் திரிந்தால், அந்த வீட்டுக்காரிக்குத் தெரிவதற்கு முன்பே குமுதா வேலியோரம் நின்று சொல்லிவிடுவாள். பசாரில் மீன்காரர் அவளைத் தூரத்தில் கண்டதுமே முன்வரிசை மீனை ஓரமாகத் தள்ளிவிட்டு, காலடியிலிருக்கும் ஐஸ் பெட்டியைத் திறப்பார். இந்த அம்மாளிடம் வாதாடுவது வீண் வேலை என்று அவருக்கும் புரிந்துபோயிருந்தது.

இதில் அதிகம் அவதிப்பட்டவர் அவள் கணவர் ஜெயபாலன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், சாது. எப்போதாவது ஒரு சிகரெட் பிடிப்பார், அதுதான் அவருடைய ஒரே அக்கிரமம். பிடித்துவிட்டு, வேன் கண்ணாடிகளையெல்லாம் இறக்கி ஏரிப் பூங்காவை இரண்டு சுற்று சுற்றி, வாயில் மிட்டாய் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "குளிச்சிட்டு வாங்க." சண்டை கிடையாது, திட்டு கிடையாது. திட்டியிருந்தாலாவது மனுஷன் ஒரு பதில் சொல்லியிருப்பார்.

குமுதா பிறந்தது சிலிம் ரிவர் ஊரைத் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில். தொழிலாளர் லயத்துக்குப் பின்னாலேயே, மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலைக் குவித்து வைக்கும் கொட்டகை. மழை பெய்து ஓய்ந்தால் அதிலிருந்து கிளம்பும் நாற்றத்தை, அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வளர்ந்தவளுக்கு மூக்கு மரத்துப்போயிருக்க வேண்டும். இவளுக்கு நேர்மாறாக ஆயிற்று. அதற்காகத் தோட்டத்தின் மேல் அவளுக்கு நன்றி உணர்ச்சி இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். கல்யாண வீடுகளில் யாராவது தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிக் கண்கலங்கப் பேச ஆரம்பித்தால், அவள் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் கமுந்திங்கில் மின்சாமான் தொழிற்சாலைகளில் வேலை. தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு, தூசி இல்லாத அறையில் உட்கார்ந்து பொடிப் பொடிச் சாமான்களைப் பூட்டும் வேலை. ஒவ்வொரு தொழிற்சாலையாக மூடிக்கொண்டே போக, கடைசியில் நாச்சியப்பனின் கம்பெனியில் வந்து சேர்ந்தாள்.

நாச்சியப்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈப்போவில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்கிற செட்டியார் குடும்பம். பையன் உலோகங்களைப் பற்றி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தான், கடையைப் பெரிதாக்குவான் என்று வீட்டில் காத்திருந்தார்கள். அவரோ கமுந்திங் தொழிற்பேட்டையில் பாதி கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, விண்வெளிக்குப் போகிற பெட்டிகளைத் தயார் செய்யப்போகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். எடையே இல்லாத இடத்தில் உலோகம் உருகினால் எப்படி உறையும், கண்ணாடிக் குழம்பில் குமிழி எங்கே போகும் என்றெல்லாம் பார்க்க ஆசைப்படுகிற பல்கலைக்கழகங்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. அவர்கள் யோசித்துச் சொல்வதைப் பெட்டியாகப் பூட்டி, ராக்கெட்டில் குலுங்குவதுபோல் மேசைமேல் வைத்துக் குலுக்கி, சுட்டு, குளிரவைத்து, "இது தாங்கும்" என்று சான்று கொடுத்து அனுப்புவதுதான் அவர் தொழில். "தைப்பிங் பக்கத்துலேர்ந்தா ராக்கெட்டுக்கு அனுப்புறே?" என்று அவருடைய பெரியப்பா இன்றைக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கிறார்.

குமுதாவுக்கு அங்கே திருகாணிகளை ஸ்பிரிட்டில் துடைத்துப் பூட்டுகிற வேலை. ஒழுங்காகச் செய்தாள். ஆனால் அவளை ராணியாக்கியது அதல்ல.

மேலே சுற்றிக்கொண்டிருக்கும் விண்வெளி நிலையத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. இங்கே ஒரு பெட்டி லேசாக நாறினால் வெளியில் எடுத்து வைக்கலாம். அங்கே அந்த நாற்றம் அதே காற்றில் திரும்பத் திரும்பச் சுற்றி, உள்ளே இருக்கிறவர்களின் மண்டையை இடிக்கும். அதனால் ஒவ்வொரு பெட்டியையும் வெதுவெதுப்பான ஓர் உருளைக்குள் சில நாள் அடைத்து வைத்து, அந்தக் காற்றை ஊசிக்குழாயில் உறிஞ்சி, நாலு பேர் மூக்கில் செலுத்திப் பார்க்க வேண்டும். விஷம் இருக்கிறதா என்று இயந்திரம் முன்னாலேயே சொல்லிவிடும். மனுஷன் சகித்துக்கொள்வானா என்று சொல்ல மனுஷ மூக்குதான் வேண்டும். வாடையே இல்லையென்றால் பூஜ்யம், குமட்டினால் நாலு. நாலு பேர் சொன்னதையும் கூட்டிச் சராசரி பார்ப்பார்கள். இரண்டரையைத் தாண்டினால் பெட்டி போகாது.

இதற்கு ஆள் தேடியபோது நாச்சியப்பன் எல்லோருக்கும் சில பாட்டில்களைக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். சிலதில் வாடை, சிலதில் வெறும் தண்ணீர். குமுதா தண்ணீர் பாட்டிலையும் விடவில்லை. "இதுல ஒண்ணும் இல்ல சார். ஆனா எலுமிச்ச சவுக்காரத்துல கழுவியிருக்காங்க" என்றாள். கழுவிய பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். எலுமிச்சைதான்.

அன்றோடு பிடித்தது யோகம். மோப்பக் குழுவில் முதல் நாற்காலி அவளுடையது. இரண்டாவதில் ஸ்டோர் பார்க்கும் சன்னாசி, மூன்றாவதில் பேக்கிங் பிரிவு ரொஹானி, கடைசியில் மின்கம்பி வேலை பார்க்கும் இளைஞன் பவித்ரன். தரக்கட்டுப்பாட்டைக் கவனிக்கும் யாழினி, பட்டம் வாங்கிய பெண், ஊசிக்குழாயோடு வரிசையாக வருவாள். குமுதா கண்ணை மூடி உறிஞ்சி, ஒரு கணம் நிறுத்தி, "ஒண்ணு" என்பாள். அந்த ஒரு கணத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! தீர்ப்பு சொல்கிற நீதிபதிகூட அவ்வளவு நிதானமாகச் சொல்லமாட்டார்.

மோப்ப நாளுக்கு முந்தைய நாள் வீட்டில் பூண்டு கிடையாது, சம்பல் கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, பவுடர் கிடையாது. கஞ்சியும் அவித்த முட்டையும்தான். ஜெயபாலன் அதற்கு ராக்கெட் விரதம் என்று பேர் வைத்திருந்தார். "எத்தன பேரு பொண்டாட்டிக்காக விரதம் இருப்பான்? நா ராக்கெட்டுக்காக இருக்கேன் மச்சான்" என்று வேன் ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் அதில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

இப்படி ராஜபோகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த மழை வந்தது. தைப்பிங்கில் மழை வருவதெல்லாம் ஒரு செய்தியா என்பீர்கள். அன்றைக்குக் குமுதாவின் மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றுவிட்டது. தொப்பலாக நனைந்து வீடு வந்தவளுக்குக் காய்ச்சல், சளி, இருமல். ஒரு வாரம் படுத்தாள். காய்ச்சல் போயிற்று, சளியும் போயிற்று.

எழுந்து நடமாடிய முதல் நாள் காலையில் ஜெயபாலன் இருமிக்கொண்டே ஜன்னல்களைச் சாத்துவதைப் பார்த்தாள்.

"ஏன் சாத்துறீங்க? காத்து வரட்டுமே."

"பக்கத்து வீட்ல எறா பிளாச்சான் வறுக்குறாங்கல்ல. உனக்குத்தான் ஆகாதே."

குமுதா காற்றை இழுத்துப் பார்த்தாள். சமையலறைக்குள் போய்க் கோப்பித்தூள் டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே வைத்தாள். ஒன்றுமில்லை. கற்பூர டப்பா. ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் திறந்தாள், அதிலும் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது. அடுப்படியில் அப்படியே உட்கார்ந்து, புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிளாச்சான் வாடைக்காக அழுத பெண்பிள்ளை பேராக் மாநிலத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

டாக்டர், வரும் என்றார். எப்போது என்று கேட்டதற்குச் சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம் என்றார். சிலருக்கு என்று மூன்றாவதாக ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை பசாருக்குப் போனாள். மீன்காரர் வழக்கம்போல ஐஸ் பெட்டியைத் திறந்தார். குமுதா குனிந்தாள், கண்ணை மூடினாள், ஒரு கணம் நிறுத்தினாள். ஏதாவது சொல்லியாக வேண்டுமே. "இது வேணாம்" என்றாள். "தெரியும்கா, காலையிலேயே நெனச்சேன்" என்று அவர் அந்த நல்ல மீனைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். வீடு திரும்பும்வரை அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சமும், அதைவிடப் பெரிய நிம்மதியும் இருந்தன. மூக்கு போனாலும் மூக்கின் பேர் போகவில்லை.

ஆனால் வீட்டுக்காரரை ஏமாற்ற முடியவில்லை. அன்று மாலை ஜெயபாலன் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, உத்தரவுக்காக வாசலிலேயே நின்றார். உத்தரவு வரவில்லை. உள்ளே வந்து அவள் முன்னால் ஒருமுறை நடந்தார். அதற்கும் ஒன்றுமில்லை. மனுஷனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், அவரோ அவள் எதிரில் வந்து நின்றார்.

"குமுதா, நா சிகரெட் புடிச்சிட்டு வந்திருக்கேன்" என்றார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாச்சியப்பன் சார்ட்ட சொல்லிடேன்" என்றார் ஜெயபாலன். "நல்ல மனுசன்தானே. கோவிச்சுக்க மாட்டாரு."

"கோவிச்சுக்க மாட்டாரு. நாற்காலிய எடுத்துருவாரு. அப்பறம் நா யாருங்க? ஸ்க்ரூ தொடைக்கிற பொம்பள. எங்கம்மா பால்வாளி தொடச்சா, நா ஸ்க்ரூ தொடைக்கிறேன். அவ்வளவுதான?"

ஜெயபாலன் யாரும் சொல்லாமலே போய்க் குளித்துவிட்டு வந்தார்.

அதற்கடுத்த வாரம் ஈயப் பெட்டி தயாராகியிருந்தது. நாச்சியப்பன் கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் சோதனை: சின்ன உலை, அதற்குள் வெள்ளீயமும் பிஸ்மத்தும் கலந்த குச்சிகள். மேலே போய் உருகி, மெதுவாக உறைந்து, உள்ளே படிகங்கள் எப்படி வளர்கின்றன என்று பார்க்க வேண்டும். "நம்ம கிந்தா சுரங்கத்து ஈயம்" என்று நாச்சியப்பன் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னார். குச்சிக்கு ஈயம் எங்கிருந்து வந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் விசாரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை லாரி வந்து விமான நிலையத்துக்கு எடுத்துப்போகும். வியாழக்கிழமை காலை மோப்பம்.

மோப்பத்துக்கு முன் எல்லோரும் சோதனைப் பாட்டில்களை மோந்து காட்ட வேண்டும் என்பது விதி. குமுதா புதன்கிழமை முழுக்கப் பயந்தது இதற்குத்தான். பாட்டிலிலேயே மாட்டிக்கொண்டுவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும், மாட்டிக்கொண்டால் ஒருவகையில் நல்லதுதான் என்றும் மாறி மாறி நினைத்தாள். யாழினி தட்டோடு வந்தாள். சன்னாசிக்குக் கொடுத்தாள், ரொஹானிக்குக் கொடுத்தாள், பவித்ரனுக்குக் கொடுத்தாள்.

"எனக்கு?" என்றாள் குமுதா.

"உங்களுக்கு எதுக்குக்கா? பாட்டிலுக்குத்தான் அவமானம்" என்று யாழினி சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துப்போய்விட்டாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முதல் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். யாழினி மூக்கு மூடியைப் பொருத்தி ஊசிக்குழாயை அழுத்தினாள். குமுதா கண்ணை மூடி உறிஞ்சினாள், ஒரு கணம் நிறுத்தினாள். உள்ளே வெறும் காற்று போய் வந்தது. மற்ற மூன்று பேர் இருக்கிறார்களே, நான் தப்பாகச் சொன்னாலும் அவர்கள் எண் வந்து சரிக்கட்டிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

"ஒண்ணு" என்றாள்.

சன்னாசி உறிஞ்சினார். அவர் தொண்டை ஒருமுறை மேலே போய் இறங்கியது. "ஒண்ணு."

ரொஹானி மூடியை வேகமாகத் தள்ளிவிட்டு, அதே என்பதற்கு மலாயில் "சாமா" என்றாள்.

பவித்ரன் நிறைய நேரம் எடுத்துக்கொண்டான். "ஒண்ணுதான்" என்றான்.

சராசரி ஒன்று. யாழினி குறித்துக்கொண்டு போனாள். குமுதாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பெட்டி நல்ல பெட்டிதான், கடவுள் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டே தேநீர் அறைக்குள் நுழைந்தாள். அங்கே பவித்ரன் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. ரொஹானி மேசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தாள். சன்னாசி இஞ்சி மிட்டாயை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, கண்ணு கலங்கியிருக்கு?"

"ஒண்ணுல்லக்கா."

"உன் மூக்குக்கு எப்படி இருந்துச்சு?"

"நீங்கதான் ஒண்ணுன்னீங்களே."

"நா சொன்னத நா கேக்கல. உனக்கு எப்படி இருந்துச்சு?"

பவித்ரன் சன்னாசியைப் பார்த்தான். சன்னாசி சுவரைப் பார்த்தார். "செத்த எலி மாதிரிக்கா" என்றான் மெதுவாக. "அதுமேல பிளாஸ்டிக்க எரிச்ச மாதிரி."

"அப்ப ஏன்டா ஒண்ணுன்னே?"

"நீங்க ஒண்ணுன்னு சொன்னப்பறம் நா எப்படிக்கா நாலுன்னு சொல்றது? மரியாத இல்லையே. என் மூக்குதான் கெட்டிருக்கும்னு நெனச்சேன்."

"சன்னாசி அண்ணே, உங்களுக்கு?"

"நமக்கென்ன தங்கச்சி தெரியும். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் சன்னாசி. "கொஞ்சம் கொமட்டுச்சு. காலையில சாப்ட்ட ரொட்டியா இருக்கும்னு விட்டுட்டேன்."

"இன்னிக்கு மட்டுமா அண்ணே? முன்ன பாத்த பெட்டிங்க?"

சன்னாசி மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "எல்லாம் நீ சொன்னதுதான்லா. வருசக் கணக்கா அப்படித்தானே."

சும்மா சொல்லக்கூடாது, அதைக் கேட்டதும் குமுதாவுக்கு ஒரு நொடி பெருமையாகத்தான் இருந்தது. மறு நொடியே அதன் அர்த்தம் உறைத்தது. தன் பக்கத்தில் மூன்று மூக்குகள் இருக்கின்றன என்ற தைரியத்தில்தான் அவள் இத்தனை காலமும் அப்படி நிறுத்தி நிதானமாகத் தீர்ப்புச் சொன்னாள். அந்த மூன்றும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கின்றன.

நாச்சியப்பன் அறையில் லாரிக்காரரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவர் வைக்கும்வரை குமுதா கதவோரம் நின்றாள்.

"சார், எனக்கு மூக்கு வேல செய்யல."

"லீவு வேணுமா குமுதா? எடுத்துக்க. பெட்டிதான் முடிஞ்சிருச்சே."

"இல்ல சார். காய்ச்சல் வந்ததுலேர்ந்தே வாட தெரியல. இன்னிக்கு நா சொன்ன ஒண்ணு, சும்மா சொன்னது."

நாச்சியப்பனின் சிரிப்பு போய்விட்டது. ஆனால் அவர் கணக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை. நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். "நீ முன்னாடியே சொல்லியிருக்கணும். தப்பு. சரி, உன் நம்பர விட்டுருவோம். மத்த மூணு பேரும் ஒண்ணுதானே சொல்லியிருக்காங்க? சராசரி மாறாது. பெட்டி போகலாம்."

குமுதா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தன் குற்றத்தைச் சொன்னதோடு பொறுப்பு தீர்ந்தது என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். இப்போது பார்த்தால் பெட்டி போகத்தான் போகிறது. பேசாமல் திரும்பிவிடலாம். நாற்காலி மட்டும்தான் போகும்; பழைய பேராவது மிஞ்சும். வாயைத் திறந்தால் சன்னாசி அண்ணனையும் ரொஹானியையும் பவித்ரனையும் இழுத்துவிட வேண்டும். இத்தனை வருஷம் போன பெட்டிகளையும்.

மேலே ஜன்னல் திறக்க முடியாத வீட்டுக்குள் யாரோ முகம் தெரியாத நாலைந்து பேர், அந்தச் செத்த எலியோடு. அவளுக்குத் தனக்காக ஜன்னல்களைச் சாத்திய ஜெயபாலன் ஞாபகம் வந்தது.

"போகக் கூடாது சார்" என்றாள். "மூணு பேரு இல்ல. அவங்க என் மொகத்தப் பாத்துத்தான் சொன்னாங்க. பெட்டி நாறுது சார். பவித்ரன் கண்ணப் பாருங்க."

"இன்னிக்கு மட்டுமா?"

"எல்லா நாளுமே சார்."

நாச்சியப்பன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இத்தன வருசமா நம்ம அனுப்புனதெல்லாம்..."

"ஒரு மூக்குதான் சார். எனக்கும் இன்னிக்குத்தான் தெரியும்."

அவர் அப்போதும் கத்தவில்லை. அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று குமுதா பின்னால் பலமுறை நினைத்திருக்கிறாள்.

லாரி வேண்டாமென்று சொல்லப்பட்டது. நாற்காலிகளுக்கு நடுவே அட்டைப் பெட்டிகளைப் பிரித்துத் தடுப்பு வைத்தார்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல், எண்ணை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். விதிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. நாலு பேர் ஒரே குடும்பம் மாதிரி உட்கார்ந்திருக்கும்போது எதற்கு அட்டை, எதற்குக் காகிதம் என்று யாரோ எப்போதோ விட்டுவிட்டார்கள். குமுதாவின் இடத்தில் நாச்சியப்பனே உட்கார்ந்தார். அவள் வெளியே நின்றாள். உள்ளேயிருந்து முதலில் வந்தவர் நாச்சியப்பன், கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு. யாழினி காகிதங்களை வாசித்தாள்: மூன்று, நாலு, நாலு, நாலு.

உலையின் அடியில் ஒட்டியிருந்த அதிர்வு தாங்கித் துண்டில்தான் கோளாறு. பசை சரியாக இறுகவில்லை, சூட்டில் நாறியிருக்கிறது. கழற்றி, வேறு பசை போட்டுச் சுட்டு, மறுபடி எல்லாச் சோதனையும் செய்து அனுப்பினார்கள். பெட்டி அடுத்த லாரியில் போயிற்று. பழைய வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் நாச்சியப்பன் நடந்ததை ஒளிக்காமல் எழுதினார். சிலர் பரவாயில்லை என்றார்கள், சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். போன பெட்டிகளில் எது எப்படி நாறியது என்று இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தச் சில மாதங்கள் குமுதாவுக்கு நன்றாக இல்லை. திருகாணி துடைத்தாள். தேநீர் அறையில் அவள் மேசைக்கு யாரும் வந்து உட்காரவில்லை. "உன்னப் பத்திச் சொன்னே சரி, எங்கள ஏன் இழுத்தே?" என்று சன்னாசி ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டார். அவளிடம் பதில் இருந்தது. சொன்னால் அவருக்கு மேலும் வலிக்கும் என்று விட்டுவிட்டாள்.

மூக்கு ஒரு காலை, யாரும் கூப்பிடாமல், அரைகுறையாகத் திரும்பியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. குமுதா யாழினியிடம் போய், பாட்டில் கொடு என்றாள். இந்த முறை யாழினி சிரிக்கவில்லை, எல்லாப் பாட்டிலையும் கொடுத்தாள். இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை தேறினாள். நாச்சியப்பன் அவளைக் குழுவில் மறுபடி சேர்த்துக்கொண்டார். முதல் நாற்காலியில் இப்போது ரொஹானி இருந்தாள். குமுதாவுக்குக் கடைசி.

கண்ணாடி உருக்கும் பெட்டி ஒன்று அன்றைக்கு வந்திருந்தது. அட்டைத் தடுப்புக்குள் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஆசை தீர உறிஞ்சினாள். லேசாக, மிக லேசாக ஏதோ இருந்தது. ஒன்று என்று எழுதினாள். மற்றவர்களும் எழுதினார்கள். யாழினி தடுப்புகளை விலக்கிவிட்டு வாசித்தாள்: "ரெண்டு, ரெண்டு, மூணு, ஒண்ணு."

"யாரு மூணு?" என்றாள் குமுதா. பழைய குரல் தானாக வந்துவிட்டது.

பவித்ரன் காது மடல் சிவந்தது. "நாந்தாங்கா."

"எனக்கு ஒண்ணுதான் பட்டுச்சு."

சன்னாசி நெளிந்தார். யாழினி பேனாவை மூடித் திறந்தாள். பவித்ரன் தரையைப் பார்த்தான், பிறகு நிமிர்ந்தான். "எனக்கு மூணுதாங்கா" என்றான்.

குமுதாவுக்கு முகம் சுட்டது. மூக்கு விஷயத்தில் அவளிடம் இப்படி ஒருவர் சொன்னதே இல்லை, பெற்ற தாய்கூட. கோபம்தான் முதலில் வந்தது. "என்ன வாட, சொல்லு" என்றாள்.

"முடிவுல வருதுக்கா. பழைய காசக் கையில வச்சித் தேச்சா வருமே, அது."

அவள் யாழினியிடம் இன்னொரு ஊசிக்குழாய் கேட்டாள். உறிஞ்சினாள். அவசரப்படாமல், அவன் சொன்ன முடிவுவரைக்கும் காத்திருந்தாள். இருந்தது. மெல்லிசாக, ஓரத்தில், பழைய செப்புக் காசு. காய்ச்சலுக்குப் பிறகு மூக்கில் விழுந்த ஓட்டையா இது, அல்லது என்றைக்குமே இருந்த ஓட்டையா என்று அவளுக்குத் தெரியவில்லை. என்றைக்குமே இருந்திருந்தால் இத்தனை வருஷமும் ஒருவராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லக்கூடிய பையன் நாலாவது நாற்காலியில் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான், அவளுடைய மரியாதைக்காக.

மூக்கு மூடியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது, வாடையால் அல்ல.

"மாத்திக்கவாக்கா?" என்று யாழினி பேனாவோடு மெதுவாகக் கேட்டாள். "உங்களோடத ரெண்டுன்னு போட்டுக்கவா?"

"வேணாம்" என்றாள் குமுதா. "எனக்கு ஒண்ணு. அவனுக்கு மூணு. ரெண்டும் அப்படியே இருக்கட்டும்."